துருவியிடம் பொய் சொன்ன தெரு

அவளுக்கு வீட்டில் வைத்த பெயர் ஒன்று உண்டு. அது அடையாள அட்டையில் பத்திரமாக இருக்கிறது. மற்றபடி ஊருக்கெல்லாம் அவள் துருவிதான். எதையும் துருவித் துருவிக் கேட்கிறாள் என்று பள்ளிக்கூடத்தில் எந்தப் புண்ணியவதியோ வைத்த பெயர். கல்யாணமாகி, இரண்டு பெண்களைப் பெற்று, அதில் ஒருத்தியைக் கட்டிக்கொடுத்த பிறகும் விடாமல் ஒட்டிக்கொண்டிருக்கிறது. முகத்துக்கு நேரே "அக்கா" என்பார்கள். முதுகுக்குப் பின்னால் "துருவி வருது, கதவைச் சாத்து" என்பார்கள். அது அவளுக்கும் தெரியும். "சாத்தட்டுமே, எதுக்குச் சாத்தினீங்கன்னு நாளைக்குக் கேட்டாப் போச்சு" என்பாள்.

பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவர் இறங்குவதற்குள் அவருடைய மூட்டுவலி, மூத்த மகனின் முன்கோபம், சின்ன மகள் ஏன் அத்தை வீட்டுக்குப் போவதில்லை என்பதெல்லாம் இவளுக்கு அத்துப்படியாகிவிடும். இதை வம்பு என்று நினைத்துவிடாதீர்கள். வம்புக்காரிக்குக் கேட்டதை நாலு பேரிடம் சொன்னால்தான் தூக்கம் வரும். இவளுக்குத் தெரிந்துகொண்டால் போதும், வயிறு நிறைந்துவிடும். ஒருத்தரிடம் கேட்டதை இன்னொருத்தரிடம் சொன்னதாக இதுவரை ஒரு புகார் கிடையாது. அவள் புருஷன் பஸ் பணிமனையில் மெக்கானிக். "இவ காதுல போட்டதும் ஒண்ணு, கிணத்துல போட்டதும் ஒண்ணு" என்று அவரே சான்றிதழ் கொடுப்பார்.

இந்தக் குணத்துக்கும் சம்பளம் கொடுக்க ஓர் இடம் உண்டு என்று யார் கண்டது! சின்ன மகள் படித்த கல்லூரியில், சமூகப்பணித் துறையின் ஆராய்ச்சிக்கு வீடு வீடாகப் போய்க் கேள்வி கேட்க ஆள் தேவை என்று ஒட்டியிருந்தார்கள். மகள் சிரித்துக்கொண்டே வந்து, "அம்மா, இவ்வளவு நாளா ஓசியில பண்ணத இனிமே காசுக்குப் பண்ணு" என்றாள். அப்படித்தான் துருவி உத்தியோகத்துக்குப் போனாள்.

ஆராய்ச்சி என்னவென்றால், ஒருவர் படுத்த படுக்கையாகவோ புத்தி தடுமாறியோ இருந்து, அவரைப் பார்த்துக்கொள்ள ஒரே ஒருவர் மட்டும் இருக்கிற வீடுகளைப் பற்றியது. அப்படிப்பட்ட வீடுகளைத் தேடிப் பிடித்து இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதிக்கு வாராவாரம் ஓர் உதவியாளர் போவார். குளிப்பாட்டுவார், மருந்து எடுத்துக் கொடுப்பார், பார்த்துக்கொள்கிறவரைக் கொஞ்சம் வெளியே போய்வரச் சொல்வார். இன்னொரு பாதிக்கு உதவி கிடையாது, வருஷத்துக்கு ஒரு முறை கேள்வி மட்டும். இரண்டையும் ஒப்பிட்டால்தானே உதவியால் பலன் உண்டா என்று தெரியும்? நியாயம்தான். ஆனால் துருவிக்கு வாய்த்தது இந்தக் கேள்வி மட்டும் போகிற வீடுகள். போகலாம், உட்காரலாம், கேட்கலாம். கை நீட்டி ஒரு வேலை செய்துவிடக் கூடாது, யோசனை சொல்லிவிடக் கூடாது. விதி அப்படி.

"பசிச்சவன்கிட்டப் போய் எவ்வளவு பசின்னு மட்டும் கேட்டுட்டு வர்ற பொழப்பு" என்று முதல் வருஷம் புருஷனிடம் சொல்லி மூக்கைச் சிந்தினாள். ஆனாலும் விதியை மீறவில்லை. அவளுக்கு வேலை பிடித்திருந்தது. பொய் சொல்வானேன், ரொம்பவே பிடித்திருந்தது.

கேள்விகளில் நடுநாயகமாக ஒன்று இருந்தது. 'உங்களுக்கே ஒரு நாள் முடியாமல் போனால், இவரை யார் பார்த்துக்கொள்வார்கள்?' முதல் வருஷம், ஒரு குறுகலான சந்தில் வரிசையாக இருந்த மூன்று வீடுகளிலும் பதில் ஒன்றுதான்: யாருமில்லை. அடுத்த வருஷம் அதே சந்தில் மூன்று வீட்டிலும் ஆள் பெயர் சொன்னார்கள். அதற்கடுத்த வருஷம் இன்னும் விவரமாகச் சொன்னார்கள். முகங்களிலும் கொஞ்சம் தெளிச்சி வந்திருந்தது. துருவிக்கு ஒரே சந்தோஷம். ஒரு வரி விடாமல் எழுதிக் கொண்டுபோய்க் கொடுத்தாள்.

அந்தச் சந்தோஷத்துக்குத்தான் வந்தது வினை.

ஆராய்ச்சிக்குத் தலைமை தாங்கிய அம்மாவை எல்லோரும் டைரக்டர் என்பார்கள். துருவியைவிட வயதில் சின்னவள். ஆனால் எதையும் இரண்டு தடவை பார்க்காமல் நம்பாதவள். ஒருநாள் துருவியைக் கூப்பிட்டு உட்காரச் சொன்னாள்.

"அக்கா, உதவி போற வீடுகளைவிட உங்க சந்து வீடுங்க நல்லா இருக்கு."

"நல்லதுதானே மேடம்?"

"நல்லதுதான். ஆனா ஏன்னு யாருக்கும் புரியல. அவங்களுக்குத்தான் நாம ஒண்ணுமே பண்ணலையே." டைரக்டர் பேனாவை மூடினாள், திறந்தாள். "குழுவுல ரெண்டு பேரு ஒண்ணு சொல்றாங்க. நீங்க போகாம, வீட்லயே உக்காந்து எழுதிட்டீங்களோன்னு."

இந்தத் தொழிலில் அப்படியும் சில மகானுபாவர்கள் உண்டு. வெயிலுக்குப் பயந்து மரத்தடியில் உட்கார்ந்து, இல்லாத வீட்டுக்கு இல்லாத பதிலை அவர்களே எழுதிவிடுவார்கள். துருவியை அந்த ஜாதியில் சேர்த்ததும் அவளுக்குக் கோபம் உச்சியில் ஏறிவிட்டது.

"என் செருப்பைப் பாருங்க மேடம். இது வீட்ல உக்காந்து தேஞ்ச செருப்பா?"

"நான் நம்பறேன் அக்கா. ஆனா நான் நம்பினா போதாது. அதே வீடுகளுக்கு நானே போய் அதே கேள்வியைத் திரும்பக் கேக்கப்போறேன். நீங்க எழுதினதும் அவங்க சொல்றதும் ஒத்துப்போகணும். போகலேன்னா, நீங்க எழுதினது அத்தனையையும் தூக்கிப் போட்டுடுவாங்க. வேலையும் இருக்காது."

வேலை போனால் போகட்டும், வேறு வேலை தேடிக்கொள்ளலாம். பொய்க்காரி என்ற பெயர் வந்துவிட்டால் அதை எங்கே கொண்டுபோய்க் கழுவுவது? வீட்டுக்கு வந்து புருஷனிடம் கொட்டினாள். அவர் கையில் இருந்த கிரீஸைத் துடைத்துக்கொண்டே பொறுமையாகக் கேட்டார்.

"நீ பொய் எழுதல. சரி. அவங்க உன்கிட்டப் பொய் சொல்லியிருந்தா?"

"என்கிட்டயா? என் மூஞ்சியப் பாத்து ஒருத்தன் பொய் சொல்லிட முடியுமா?"

"நான் சொல்லியிருக்கேனே" என்றார் அவர், சிரிக்காமல்.

அவரை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டாள். ஆனால் அவர் கேட்டது காதில் புகுந்த எறும்பு மாதிரி குடைந்தது. பயம் ஒரு பக்கம் இருந்தது. அதைவிடப் பெரிதாக, 'அப்படியானால் அந்தச் சந்தில் என்னதான் நடந்தது' என்கிற அரிப்பு இருந்தது. அவள் சுபாவம் அப்படி. தூக்குமேடைக்குக் கூட்டிப் போனாலும், இந்தக் கயிறு எந்தக் கடையில் வாங்கியது என்று கேட்பாள்.

குறித்த நாளில் டைரக்டரோடு அந்தச் சந்துக்குப் போனாள். வீடுகள் ஒரு பக்கம், எதிரே நீளமான மதில், கோடியில் எல்லோருக்கும் பொதுவாக ஒரு தண்ணீர்க் குழாய். தலைக்கு மேலே கொடிகளில் துணி காய்ந்துகொண்டிருந்தது. மறுபடி கேட்கும்போது முதலில் கேட்டவர் உள்ளே இருக்கக் கூடாது. ஆகவே துருவி குழாயடியில் ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தாள். டைரக்டர் முதல் வீட்டுக்குள் போனாள். தையல் மெஷின் சத்தம் நின்றது. கதவு சாத்திக்கொண்டது.

மற்றவர் வீட்டில் என்ன பேசுகிறார்கள் என்று தெரியாமல் துருவி உட்கார்ந்திருந்தது அநேகமாக அவள் வாழ்க்கையிலேயே அதுதான் முதல் தடவை. பாவமாக இருந்தது. கழுத்தை இப்படி நீட்டிப் பார்த்தாள், அப்படி நீட்டிப் பார்த்தாள். ஒரு வார்த்தையும் விழவில்லை.

டைரக்டர் முதல் வீட்டிலிருந்து வெளியே வந்து, இவள் பக்கம் திரும்பாமலே இரண்டாவது வீட்டுக்குள் போனாள். அங்கேயும் வெகுநேரம். பிறகு கதவைத் திறந்து, "அக்கா, நான் கேட்டு முடிச்சாச்சு. நீங்களும் வந்து கேளுங்க" என்றாள். அவள் முகத்தைப் பார்த்தால் கோபமா சிரிப்பா என்று சொல்ல முடியவில்லை.

இரண்டாவது வீடு பூட்டுக்காரருடையது. பூட்டு ரிப்பேர் செய்வார், சாவி வெட்டுவார். புத்தி சரியில்லாத தம்பியைத் தனியாக வைத்துப் பார்த்துக்கொள்கிறவர். முதல் வீட்டுத் தையல்காரம்மாவும் அங்கே வந்து நின்றிருந்தாள். அவள் புருஷன் பக்கவாதத்தில் படுத்துப் பல வருஷம் ஆகிறது. இரண்டு பேரும் திருடி மாட்டிக்கொண்ட பிள்ளைகள் மாதிரி நின்றார்கள்.

"அக்கா, கோவிச்சுக்காதீங்க" என்று ஆரம்பித்தாள் தையல்காரம்மா. "ரெண்டாவது வருஷம் உங்ககிட்டச் சொன்னது பொய்."

துருவிக்குக் காது அடைத்துவிட்டது. "எது?"

"ஒரு அவசரம்னா பூட்டுக்காரர் வந்து இவரைப் பாத்துக்குவாருன்னு சொன்னேனே, அது. அப்பெல்லாம் அவருகிட்ட நான் பேசினதுகூடக் கிடையாது. முதல் வருஷம் யார் இருக்கான்னு நீங்க கேட்டப்ப, யாருமில்லன்னு சொல்லி எனக்கு வாயே கசந்துபோச்சு. நீங்க போனப்புறம் குழாயடியில நின்னு அழுதேன். இவரு தண்ணி பிடிக்க வந்தவரு, என்னம்மான்னு கேட்டாரு."

"எனக்கும் அதே கதிதான்" என்றார் பூட்டுக்காரர். "அடுத்த வருஷமும் இந்தம்மா வருமே, இப்படி நாதியில்லாத மாதிரி நிக்கணுமேன்னு இருந்துச்சு. அதான், நீங்க என் பேரைச் சொல்லுங்க, நான் உங்க பேரைச் சொல்றேன்னு பேசி வச்சுக்கிட்டோம். சும்மா பேருக்கு."

"சும்மா பேருக்குச் சொன்னா அக்கா விட்டுடுவாங்களா?" தையல்காரம்மாவுக்கு இப்போது தைரியம் வந்துவிட்டது. "கடைசியா எப்ப வந்தாருன்னு கேப்பாங்க. வந்து என்ன பண்ணாருன்னு கேப்பாங்க. உங்க வீட்டுக்காரர் எந்தப் பக்கம் திரும்பிப் படுத்தா வலிக்கும்னு அவருக்குத் தெரியுமான்னு கேப்பாங்க. ஒரு பொய்க்கு இவ்வளவு வேலை வச்சா மனுஷன் என்னதான் பண்ணுவான்? தெரியாம உளறி மாட்டிக்கிட்டா மானம் போயிடுமேன்னு, நீங்க வர்றதுக்கு முன்னாடி இவரை வீட்டுக்கே கூட்டிட்டு வந்து காட்டினேன்."

"பரீட்சைக்குப் படிக்கிற மாதிரி படிச்சேன்கா" என்றார் பூட்டுக்காரர். "எந்த மாத்திரை காலையில, எது ராத்திரி, தலையை எப்படித் தூக்கிப் பிடிச்சுத் தண்ணி குடுக்கணும், எல்லாம். படிச்சப்புறம் ஒருநாள் இந்தம்மாவுக்கு நெஜமாவே காய்ச்சல் வந்துடுச்சு. எல்லாம் தெரிஞ்சவன் நான் ஒருத்தன்தான் இருந்தேன். போகாம இருக்க முடியுமா?"

அவருடைய தம்பி மூலையில் உட்கார்ந்து ஒரு பழைய பூட்டை மடியில் வைத்துத் திறந்து மூடிக்கொண்டிருந்தான். பூட்டைக் கையில் கொடுத்தால் அவன் அமைதியாகிவிடுவான் என்பது தையல்காரம்மாவுக்குத் தெரியும். அவளும் அப்படிப் படித்துக்கொண்டவள்தான். போன வருஷம் துருவியிடம் சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை என்று இருவரும் மாறி மாறிச் சத்தியம் செய்தார்கள்.

டைரக்டருக்கு இப்போது சிரிப்பு வந்துவிட்டது. "அக்கா, உதவி இல்லாத வீடுன்னு நினைச்சுத்தானே உங்களை அனுப்பினேன். நீங்க கேட்ட கேள்வியே உதவியாப் போயிடுச்சு. இனி இந்தச் சந்தை வச்சுக்கிட்டு நான் எதை எதோட ஒப்பிடறது?"

துருவி சந்தோஷப்படுவதா கோபப்படுவதா என்று தெரியாமல் விழித்தாள். அவள் எழுதியது சரி. ஆனால் அவளிடமே, அவள் முகத்தைப் பார்த்தே, இரண்டு பேர் ஒத்திகை பார்த்துப் பொய் சொல்லியிருக்கிறார்கள்! புருஷனிடம் இதை எப்படிச் சொல்வது? காலம் முழுக்கச் சொல்லிக் காட்டுவாரே!

"என்கிட்டயேவா?" என்று மட்டும் கேட்டாள்.

"உங்ககிட்டதான்கா கஷ்டமே" என்றாள் தையல்காரம்மா.

இன்னும் ஒரு வீடு பாக்கி இருந்தது. அதில் துருவிக்குக் கவலையே இல்லை. அது ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார் வீடு. அவர் மனைவிக்கு ஞாபகமெல்லாம் அழிந்துபோய்விட்டது. வாத்தியார் குழாயடியில் நின்று பேசுகிறவர் இல்லை. யாருடனும் கூட்டு வைத்துக்கொள்கிறவரும் இல்லை. போதாததற்கு அவருடைய தங்கை மகன் ஒருவன் வாராவாரம் வந்து போகிறான். அச்சகத்தில் வேலை, வாய் ஓயாத பாட்டு, அத்தைக்குத் தலை வாரிவிடுவதில் கெட்டிக்காரன். துருவி அவனைப் பார்த்ததில்லை. இவள் போகும்போதெல்லாம் "இப்பதாம்மா கிளம்பினான்" என்பார் வாத்தியார். பார்க்காவிட்டால் என்ன, அவனை நினைத்தாலே அவளுக்கு வாஞ்சையாக இருக்கும். போன வருஷம் அவன் ஒரு பெண்ணைப் பார்த்துவிட்டு வந்திருந்தான், பெண் வீட்டார் பதில் சொல்லவில்லை. அது என்ன ஆயிற்று என்று அவள் மண்டை வருஷம் முழுக்கக் காய்ந்துகொண்டிருந்தது.

டைரக்டர் உள்ளே போனவள் சீக்கிரமே வெளியே வந்துவிட்டாள். முகத்தில் இருந்த சிரிப்பைக் காணோம்.

"அக்கா, சாருக்குத் தங்கச்சியே கிடையாதாம்."

துருவிக்கு ஒன்றும் புரியவில்லை.

"யாரும் வர்றதில்லையாம். ஒருநாளும் யாரும் வந்ததில்லையாம். நீங்க இதுல பக்கம் பக்கமா எழுதியிருக்கீங்க."

ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம். இந்த ஒரு வீடு போதும், குழுவில் இருக்கிறவர்கள் மற்ற எல்லாவற்றையும் சேர்த்து அமுக்கிவிடுவார்கள். நான் எழுதியதுதான் நிஜம் என்று துருவி எதை வைத்துச் சொல்வாள்? கேட்கும்போது உள்ளே இருந்தது மூன்று பேர். ஒருவர் இவள், ஒருவருக்கு ஞாபகமே கிடையாது. மூன்றாமவர் இல்லை என்று சொல்லிவிட்டார்.

பேச்சுச் சத்தம் கேட்டு வாத்தியார் வாசலுக்கு வந்தார். சட்டைப் பொத்தானைக் கழுத்து வரை போட்டுக்கொண்டு, கதவு நிலையைப் பிடித்தபடி நின்றார்.

"சார், இவங்க வேலையே இதுலதான் இருக்கு" என்றாள் டைரக்டர். "தங்கச்சி பையன் வர்றான்னு இதுல எழுதியிருக்கு. இது நீங்க சொன்னதா, இவங்களா எழுதிக்கிட்டதா?"

பூட்டுக்காரரும் தையல்காரம்மாவும் அவரவர் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். வாத்தியார் தப்புக் கணக்குப் போட்ட பிள்ளைகளையாவது மன்னிப்பார், பார்த்து எழுதிய பிள்ளையை மன்னிக்கவே மாட்டார் என்று அந்தப் பக்கத்தில் பெயர் வாங்கியவர். 'எனக்குத் தெரியாது' என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு உள்ளே போயிருக்கலாம். அவருக்கு ஒரு நஷ்டமும் இல்லை. துருவி அவரைக் கெஞ்சவில்லை.

"நான் சொன்னது" என்றார் வாத்தியார். "அந்தம்மா ஒரு எழுத்துகூடச் சேத்து எழுதல. பொய் என்னோடது."

துருவி மதிலைப் பிடித்துக்கொண்டு மூச்சு விட்டாள். டைரக்டர் அதை அப்படியே எழுதி, அவரிடம் கையெழுத்து வாங்கினாள். ஆபத்து விலகிவிட்டது. வேறு யாராவது இருந்தால் தலை தப்பியது தம்பிரான் புண்ணியம் என்று நடையைக் கட்டியிருப்பார்கள். துருவியால் முடியுமா?

"ஏன் சார்? மேடம்கிட்ட மட்டும் உண்மையச் சொல்லியிருக்கீங்க. என்கிட்ட ஏன் சொல்லல?"

"அவங்க யாரோ. இன்னிக்கு வந்தாங்க, போயிடுவாங்க. அவங்ககிட்ட உண்மையச் சொன்னா எனக்கு என்ன போகுது?" வாத்தியார் அவளைப் பார்க்காமல் கொடியில் காயும் துணியைப் பார்த்துச் சொன்னார். "முதல் வருஷம் உன்கிட்டயும் உண்மையத்தாம்மா சொன்னேன். யாருமில்லன்னேன். நீ 'சரிங்க சார்'னு ஒரு கோடு போட்ட. நடுவுல இருந்த பக்கத்தையெல்லாம் அப்படியே சேத்துத் தள்ளிட்டு, கடைசிப் பக்கத்துல கையெழுத்து வாங்கிட்டு எழுந்துட்ட. உனக்குன்னு அடுப்புல டீ வச்சிருந்தேன். அது கொதிக்கக்கூட இல்ல."

டைரக்டர் தலையைக் குனிந்துகொண்டாள். யாருமில்லை என்று சொன்னால் கடைசிப் பக்கத்துக்குப் போகவும் என்று அந்தத் தாளில் அச்சடித்தவள் அவள்தான். ஆள் இல்லாதவரிடம், அந்த ஆள் எப்போது வந்தார் என்று எப்படிக் கேட்பது?

"அடுத்த வருஷம் சுவத்துக்கு அந்தப் பக்கம், பூட்டுக்காரர் வீட்ல நீ கேட்டுக்கிட்டே இருந்தது கேட்டுது. வந்தாங்களா, என்ன பண்ணாங்க, சிரிச்சாங்களா, சாப்பிட்டாங்களான்னு. அவரு யாரோ ஒரு ஆள் பேரைச் சொன்னாரு, அதான் அவ்வளவு நேரம். எனக்குக் கணக்குப் புரிஞ்சுபோச்சு." இப்போதுதான் அவர் அவள் முகத்தைப் பார்த்தார். "யாராவது இருந்தாத்தானேம்மா நீ உக்காருவ?"

துருவி அழுதுவிட்டாள். முந்தானையால் மூக்கைத் துடைத்தபடியே அவரைத் திட்டவும் ஆரம்பித்தாள். "அதுக்காக ஒரு பிள்ளையையே பெத்து வளத்து, வேலைக்கு அனுப்பி, பொண்ணு பாக்கவும் அனுப்பிச்சீங்களா சார்? அந்தப் பொண்ணு அமையணுமேன்னு நான் என் வீட்டுக்காரர்கிட்டப் புலம்பாத நாளில்ல!"

"பொண்ணு வீட்ல சம்மதிச்சுட்டாங்கன்னு இந்த வருஷம் சொல்லலாம்னு இருந்தேன்" என்றார் வாத்தியார், குற்றவாளி மாதிரி.

டைரக்டர் மெதுவாகச் சொன்னாள். "அக்கா, இந்தச் சந்தை ஆராய்ச்சியிலேருந்து எடுத்துடுவேன். வேற வழியில்ல. இனிமே கேள்வித்தாள் இங்க வராது."

"அப்ப இவங்களும் வரமாட்டாங்களா?" வாத்தியார் துருவியிடம் கேட்கவில்லை. டைரக்டரிடம் கேட்டார்.

டைரக்டர் பதில் சொல்வதற்குள் துருவி செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய்விட்டாள். கட்டிலில் உட்கார்ந்திருந்த வாத்தியாரின் மனைவி அவளை மேலும் கீழும் பார்த்தாள்.

"யாரும்மா நீ?"

துருவி நாற்காலியைக் கட்டிலோரம் இழுத்துப் போட்டு உட்கார்ந்து, தன் சொந்தப் பெயரைச் சொன்னாள். அந்தம்மாவுக்கு அது பிடித்திருந்தது போல. எங்கே இருக்கிறாய், வீட்டுக்காரர் என்ன செய்கிறார், பிள்ளைகள் எத்தனை என்று வரிசையாகக் கேட்டாள். துருவி ஒவ்வொன்றாகச் சொன்னாள். சொல்லி முடித்ததும் அந்தம்மா மறுபடி, "யாரும்மா நீ?" என்றாள். துருவி மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தாள்.